பாய்மரம் ஏறப் போகும் கடற்படைப் பயிற்சி மாணவருக்கு: பத்திரம் முதல் குறுக்குமரம் வரை

பேராக் மாநிலத்தின் ஆயர் தாவாரைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்து லூமுட் கடற்படைத் தளத்துக்கு மோட்டார் சைக்கிளில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனாலும் அங்கே நிற்கும் பாய்மரக் கப்பலில் ஏறிப் பயிற்சி பெறுவது எப்படி என்று விசாரிக்க எங்கள் பக்கத்தில் ஆள் கிடைப்பதில்லை. நான் விண்ணப்பித்த காலத்தில் கேட்டவர்கள் எல்லோரும் உயரத்தைப் பற்றியே பேசினார்கள். என்னை அலைக்கழித்தது உயரம் அன்று. பத்திரங்களும், முகவரியும், தயாராக இல்லாத விரல்களும்தான். அடுத்து வரும் தம்பி தங்கைகள் அதே இடங்களில் நின்று தவிக்கக் கூடாது என்பதற்காக, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

1. எந்த வழியில் சேரப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள்

அரச மலேசியக் கடற்படையின் பாய்மரப் பயிற்சிக் கப்பல் துனாஸ் சமுடேரா. 1989-இல் பிரிட்டனில் கட்டப்பட்ட, ஏறத்தாழ 44 மீட்டர் நீளமுள்ள, இரண்டு பாய்மரங்கள் கொண்ட கப்பல் அது. பிரிகன்டைன் எனப்படும் இந்த வகைக் கப்பலில், பாயைத் தாங்கப் பாய்மரத்துக்குக் குறுக்கே பொருத்திய குறுக்குமரங்களும் சதுரப் பாய்களும் முன் பாய்மரத்தில்தான் இருக்கும் என்பதால், பயிற்சி பெறுபவர்கள் ஏறி வேலை செய்வதும் பெரும்பாலும் அதில்தான்.

இந்தக் கப்பலில் ஏறுவதற்கென்று தனி ஒருவர் சீட்டு வாங்க முடியாது. நீங்கள் சார்ந்திருக்கும் அமைப்பின் வழியாகவே இடம் கிடைக்கும். இடைநிலைப்பள்ளியில் கடற்படைக் கடெட் சீருடைக் குழு இருந்தால் முதல் ஆண்டான படிவம் ஒன்றிலேயே அதில் சேர்ந்துவிடுங்கள். அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் பாலாபெஸ் எனப்படும் சேமப்படை அதிகாரிப் பயிற்சியில் கடற்படைப் பிரிவு உண்டா என்று பதிவு வாரத்திலேயே கேளுங்கள். முழுநேரப் பணிக்குப் போகிறவர்களுக்கு இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று, ஜொகூரின் தென்கிழக்கு முனையில் உள்ள தஞ்சோங் பெங்கெலிஹ் பயிற்சி மையத்தில் தொடங்கும் இளம் படைவீரர் பாதை. மற்றது அதிகாரி கடெட் பாதை. வயது, உயரம், எடை, எஸ்.பி.எம். (இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) பாடத் தகுதி ஆகியவை பாதைக்குப் பாதை மாறும். அந்த ஆண்டு வெளிவந்த அதிகாரபூர்வ அறிவிப்பை மட்டும் நம்புங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த அண்ணன் சொன்ன அளவுகளை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

2. பத்திரங்களை விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பே சரிபாருங்கள்

தோட்டப்புறப் பிள்ளைகள் அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இதுதான். பிறப்புப் பத்திரம், மைகாட் எனப்படும் அடையாள அட்டை, எஸ்.பி.எம். சான்றிதழ், பள்ளி விடுகைச் சான்றிதழ், புறப்பாடச் சான்றிதழ்கள், பெற்றோர் இருவரின் அடையாள அட்டை நகல்கள் ஆகிய அனைத்தையும் ஒரே மேசையில் பரப்பி வைத்து, உங்கள் பெயரையும் தந்தையின் பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சுப்பிரமணியம், கிருஷ்ணன், லெட்சுமி போன்ற பெயர்களை ரோமன் எழுத்தில் பல விதமாக எழுதுகிறார்கள்; பிறப்பைப் பதிந்தவர் ஒரு விதமாகவும், பள்ளியில் பதிந்தவர் வேறு விதமாகவும் எழுதியிருப்பது நம்மிடையே சர்வ சாதாரணம். ஓரெழுத்து வேறுபாடு இருந்தாலும் அதைப் பதிவிலாகாவிலோ பள்ளியிலோ முன்கூட்டியே திருத்திக்கொள்ளுங்கள், அல்லது இரண்டு பெயரும் ஒருவருடையதே என்னும் சத்தியப் பிரமாணத்தை ஆணையர் முன்னிலையில் எழுதிக் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நேர்முகத் தேர்வு மேசையில் இதை விளக்க உங்களுக்கு நேரம் தர மாட்டார்கள்.

பிறப்புப் பத்திரத்தில் உங்கள் குடியுரிமை நிலை அச்சிடப்பட்டிருக்கும். அங்கே குடிமகன் என்று இல்லையென்றால் மற்ற எந்தத் தாளையும் தேடுவதற்கு முன் பதிவிலாகாவுக்குச் செல்லுங்கள். பெற்றோரில் ஒருவர் இன்னும் குடியுரிமை பெறாமல் நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் இருக்கின்றன. அத்தகைய வீட்டுப் பிள்ளைகள் தங்கள் நிலையை எழுத்து மூலமாக உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே அடுத்த படிக்குப் போவது நல்லது. குடியுரிமை சார்ந்த விண்ணப்பங்கள் மாதக்கணக்கில் அல்ல, ஆண்டுக்கணக்கில் இழுக்கக்கூடியவை.

12 வயதில் எடுத்த மைகாட்டை 18 வயது நிறைந்ததும் புதிய படத்துடன் மாற்ற வேண்டும். 25 வயதுக்குள் மாற்றினால் போதும் என்று சட்டம் அவகாசம் தருகிறது என்றாலும், அடையாள அட்டையில் குழந்தை முகத்துடன் மருத்துவப் பரிசோதனைக்குப் போவதால் வீண் கேள்விகள் வரும். அதே நாளில் முகவரியையும் மாற்றுங்கள். தோட்ட லயத்திலிருந்து தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிக்குக் குடிபெயர்ந்து பல ஆண்டுகள் ஆகியும் அட்டையில் தோட்ட முகவரியையே வைத்திருப்பவர்கள் பலர். தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் அலுவலகத்தில் ஒரே பெட்டியில் குவிந்து கிடக்கும். தோட்ட எழுத்தரான கிராணி நேரம் கிடைக்கும்போது பிரித்துக் கொடுப்பார். என் முதல் அழைப்புக் கடிதம் தேர்வு நாள் கடந்த பிறகே எங்கள் வாசலுக்கு வந்தது, அடுத்த சுற்று வரை நான் காத்திருந்தேன். அழைப்புகள் இப்போது இணையத்திலும் மின்னஞ்சலிலும் வருகின்றன என்பதால், உறவினரின் மின்னஞ்சலைக் கொடுக்காமல் உங்கள் சொந்த முகவரியைக் கொடுத்து அதை நாள்தோறும் திறந்து பாருங்கள்.

18 வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் கையொப்பம் தேவைப்படும். அம்மாமார்கள் இந்தத் தாளைக் கண்டதும் அழுவார்கள். “பாய்மரம் ஏறுறதுக்கா கையெழுத்துக் கேக்கறே?” என்று என் தாயார் தாளை மடித்து அரிசித் தவலைக்கு அடியில் வைத்துவிட்டார். கடைசி நாளில் வாதாடாமல், முன்கூட்டியே இந்தக் கட்டுரையின் 6, 7, 8 ஆம் பகுதிகளை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். பிள்ளையைக் கயிறில்லாமல் ஏற்றுவார்கள் என்ற எண்ணம்தான் அவர்களுடைய பயத்தின் வேர்.

நகல்களைச் சான்றுறுதி செய்ய இடைநிலைப்பள்ளி முதல்வரையோ வட்டாரத் தலைவரான பெங்ஹுலுவையோ அணுகலாம். பள்ளி விடுமுறையில் முதல்வர் இருக்க மாட்டார். விடுமுறைக்கு முந்திய வாரமே போய்விடுங்கள்.

3. மருத்துவப் பரிசோதனை

கண், காது, பல், எக்ஸ்ரே, சிறுநீர், எடை, உயரம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். பலர் எதிர்பாராமல் தவறுவது நிறப்பார்வைச் சோதனையில்தான். வண்ணப் புள்ளிகளுக்குள் மறைந்திருக்கும் எண்களைப் படிக்கச் சொல்வார்கள். கப்பலின் இடப்புற விளக்கு சிவப்பாகவும் வலப்புற விளக்கு பச்சையாகவும் இருப்பதால், இரண்டையும் பிரித்தறிய முடியாதவரை இரவுக் காவலில் நிறுத்த இயலாது. இந்தச் சோதனையைக் கண்ணாடிக் கடையிலேயே முதலில் செய்து பாருங்கள். பயிற்சியால் மாற்றக்கூடிய குறை அன்று அது. முன்பே தெரிந்தால் வேறு துறைக்குத் திட்டமிடலாம்.

பல் சொத்தையை அரசாங்கப் பல் மருத்துவ நிலையத்தில் அடைத்துக்கொள்ளுங்கள். தவணை கிடைக்க வாரக்கணக்காகும் என்பதால் இதை முதலில் தொடங்குங்கள். மருத்துவப் பாரத்தில் மருத்துவரின் கையொப்பம், முத்திரை, பதிவு எண், தேதி ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று கவுண்டரை விட்டு நகருமுன் பாருங்கள். ஒரு கிளினிக்கில் முத்திரை இல்லாமல் தந்த பாரத்துக்காக நான் மறுபடியும் வரிசையில் நின்றேன். ஆஸ்துமா, வலிப்பு, தலைசுற்றல், தோள்மூட்டு விலகல் இவற்றில் எது இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். தரையில் மறைக்கக்கூடிய தலைசுற்றல் குறுக்குமரத்தில் உங்களையும் கீழே நிற்பவரையும் கொல்லும்.

4. செலவு

கடற்படைக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. நகரத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, “பையனை உள்ளே தள்ளிவிடுகிறேன், முன்பணம் கொடுங்கள்” என்று பேசும் எவரிடமும் ஒரு காசும் கொடுக்காதீர்கள், மூலப் பத்திரங்களை ஒப்படைக்கவும் செய்யாதீர்கள். ஏமாந்த குடும்பங்கள் வெட்கத்தால் வெளியே சொல்வதில்லை. அதனால் அடுத்த குடும்பமும் ஏமாறுகிறது.

அரசாங்கச் சுகாதார நிலையத்தில் வெளிநோயாளிப் பதிவுக்கு 1 ரிங்கிட்தான். மருத்துவப் பாரம் நிரப்புவதற்குத் தனிக் கட்டணம் இருக்கலாம், கேட்டுவிட்டுப் போங்கள். கப்பல் வெளிநாட்டுத் துறைமுகத்துக்குப் போகும் பயணமாக இருந்தால் கடப்பிதழ் வேண்டும். ஐந்தாண்டுக் கடப்பிதழுக்கு 200 ரிங்கிட். அது பயண நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும் என்பதைக் கணக்கிட்டு எடுங்கள். இவை தவிரப் படம், நகல், பேருந்து, ஒரு நல்ல காலணி ஆகியவைதான் செலவு. தஞ்சோங் பெங்கெலிஹ் போகிறவர்கள் பேராக்கிலிருந்து தீபகற்பத்தின் மறுகோடிக்குப் போக வேண்டும். பேருந்துச் சீட்டைத் தீபாவளி, நோன்புப் பெருநாள் வாரங்களில் கடைசி நேரத்தில் தேடாதீர்கள்.

5. வீட்டிலேயே தொடங்க வேண்டிய உடல் தயாரிப்பு

குறைந்தது மூன்று மாதம் வேண்டும். ஓட்டத்தை எல்லோரும் செய்கிறார்கள், பிடிப்பை யாரும் பழகுவதில்லை. பாய்மரத்தில் முதலில் சோர்வது முன்னங்கையும் விரல்களும்தான். விளையாட்டுத் திடலில் உள்ள தொங்கு கம்பியில் இரு கைகளாலும் தொங்கி, தளர்வதற்குள் இறங்குங்கள். ஓய்வெடுத்து மறுபடி தொங்குங்கள். வாரத்துக்கு வாரம் நேரத்தைக் கூட்டுங்கள். நீண்ட கம்பால் செம்பனைக் குலை வெட்டிப் பழகிய வீட்டுப் பிள்ளைகளுக்குத் தோள் வலிமை ஏற்கெனவே இருக்கும். அவர்களும் பிடிப்பைத் தனியாகப் பழக வேண்டும். பனையிலோ தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்திலோ ஏறி ஒத்திகை பார்க்காதீர்கள். கயிறும் மேற்பார்வையும் இல்லாத உயரம் பயிற்சி ஆகாது.

நீச்சலைச் சீருடை போன்ற முழுக்கை ஆடையுடன் பழகுங்கள், கட்டணம் கட்டியாவது காவலர் உள்ள பொது நீச்சல்குளத்தில் பழகுங்கள். பேராக்கின் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் கரையிலிருந்து இரண்டடி வைத்ததும் திடீரென ஆழமாகிவிடும். அவற்றில் நீந்தக் கற்காதீர்கள்.

6. துறைமுகத்தில் முதல் ஏற்றம்: உடம்பில் எது இருக்கக் கூடாது

கடலுக்குப் போகுமுன், கப்பல் கட்டப்பட்டிருக்கும்போதே முதல் ஏற்றம் நடக்கும். அதற்கு முன் ஒவ்வொருவரையும் சோதிப்பார்கள். மோதிரம், காப்பு, சங்கிலி, தோடு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். மோதிரம் கம்பியில் மாட்டிய நிலையில் கால் வழுக்கினால் விரலின் தோலும் சதையும் உரிந்து வந்துவிடும். கோவிலில் கட்டிய மணிக்கட்டுக் கயிறும் கொக்கியில் சிக்கும். கழற்ற மனம் வராதவர்கள் அதைப் புறப்படுமுன் வீட்டிலேயே அவிழ்த்துச் சாமி மேடையில் வைத்துவிட்டு வாருங்கள், கப்பலில் கத்தரிக்கோலால் வெட்டும் நிலை வேண்டாம். அரைஞாண் கயிறு, உடம்பில் மாட்டும் பாதுகாப்பு வாரின் பட்டைக்கு அடியில் அழுந்தி இடுப்பைப் புண்ணாக்கும். நீண்ட கூந்தலை இறுகப் பின்னி உள்ளே செருகுங்கள். மூக்குக் கண்ணாடிக்குப் பின்கயிறு கட்டுங்கள்.

சட்டைப்பைகள் காலியாக இருக்க வேண்டும். கைத்தொலைபேசி, நாணயம், பேனா எதுவும் கூடாது. 25 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தளத்தைத் தொடும்போது, காற்றின் தடையை விட்டுக் கணக்கிட்டால், மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். கத்தியோ கருவியோ கொண்டுபோக வேண்டியிருந்தால் அதைக் கயிற்றால் உடம்போடு பிணைத்த பிறகே ஏறலாம்.

காலணி மூடியதாகவும், நாடா கட்டியதாகவும், அடிப்பாகம் வழுக்காததாகவும் இருக்க வேண்டும். தேய்ந்த அடிப்பாகமுள்ள பழைய காலணியை இதற்கென்று ஒதுக்கி வைக்காதீர்கள்.

பாதுகாப்பு வாரை மாட்டும்போது தையல் பிரிந்திருக்கிறதா, கொக்கியின் வாய் தானாகச் சரியாக மூடுகிறதா என்று நீங்களே பாருங்கள், பிறகு உங்கள் இணையாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். தொடைப்பட்டைக்கும் தொடைக்கும் நடுவில் தட்டையான கை நுழைய வேண்டும், மடக்கிய கை நுழையக் கூடாது. வாரில் இரண்டு இணைப்புக் கயிறுகள் இருக்கும். ஒன்றைக் கழற்றி நகர்த்தும்போது மற்றொன்று மாட்டியபடியே இருப்பதற்காகத்தான் இரண்டு. கொக்கியை எப்போதும் இடுப்புக்கு மேலான உயரத்தில் மாட்டுங்கள். காலருகே மாட்டினால் விழும் தூரம் கூடி, கயிறு இழுத்து நிறுத்தும்போது உடம்பு வாங்கும் அடியும் கூடும்.

7. ஏறும் முறை

அனுமதி பெறாமல் ஒருபோதும் ஏறாதீர்கள். மேலே ஆள் ஏறுவது கப்பலைச் செலுத்தும் இடமான மேற்பாலத்துக்குத் தெரிந்தால்தான் ரேடாரையும் வானொலி ஒலிபரப்பையும் நிறுத்தி வைப்பார்கள், ஊதுகுழலையும் ஒலிக்க விடமாட்டார்கள்.

காற்று வரும் பக்கத்திலிருந்து ஏறுங்கள். கப்பல் எதிர்ப்பக்கம் சாய்வதால் பாய்மரத்தைத் தாங்கும் இந்தப் பக்கத்து வடங்கள் உள்நோக்கிச் சரிந்து ஏறுவதற்கு எளிதாகும், காற்றும் உங்களை வடங்களோடு சேர்த்து அழுத்தும். மறுபக்கத்தில் இரண்டுமே உங்களுக்கு எதிராக வேலை செய்யும்.

கையால் பிடிக்க வேண்டியது மேல்நோக்கிச் செல்லும் தடித்த கம்பிவடங்களை மட்டுமே. அவற்றுக்குக் குறுக்கே கட்டப்பட்ட படிக்கயிறுகள் காலுக்கு உரியவை. புதியவர்கள் ஏணி ஏறிய பழக்கத்தில் படியைப் பிடிப்பார்கள். படிக்கயிறு உப்பிலும் வெயிலிலும் நைந்து, கட்டு நழுவக்கூடும். கம்பிவடம் பாய்மரத்தையே தாங்குவது. பாதத்தைப் படியின் நடுவில் வைக்காமல் வடத்தை ஒட்டி வையுங்கள், கட்டு அங்கேதான் வலுவாக இருக்கும். ஒரு படியில் ஒருவர் மட்டும். இரு கை இரு கால் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் பற்றியிருக்க வேண்டும், ஒன்று மட்டுமே நகர வேண்டும்.

கையால் இழுத்து ஏறாதீர்கள், காலால் தள்ளி ஏறுங்கள். இந்த ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், ஏனென்றால் பாதி வழியில் கை மரத்து நிற்கும் புதியவர்கள் எல்லோரும் கையால் ஏறியவர்களே. முழங்கையை நேராக நீட்டி வைத்தால் தசைக்கு ஓய்வு கிடைக்கும். மூச்சு வாங்கினால் கொக்கியை மாட்டிவிட்டு, ஒரு கையை வடத்தின் உள்பக்கமாக வளைத்துக் கோத்து நில்லுங்கள். யாரும் உங்களை விரட்ட மாட்டார்கள்.

பாய்மரத்தில் ஆள் நிற்பதற்காக உள்ள மேடையை நெருங்கும் இடத்தில் வடங்கள் வெளிநோக்கிச் சாய்ந்திருக்கும். சில கைப்பிடி தூரம் உங்கள் முதுகு கடலைப் பார்க்க, உடம்பு பின்னால் சாய்ந்தபடி ஏற வேண்டும். பயம் உச்சத்துக்கு வருவது இங்கேதான். அந்த இடத்துக்குக் கீழே நின்று, பாதுகாப்புக் கம்பியில் கொக்கியை மாட்டி, அடுத்த பிடியைக் கண்ணால் பார்த்து வைத்துக்கொண்டு, பிறகு நிறுத்தாமல் ஏறுங்கள். நடுவில் நின்று யோசிப்பவர்களுக்குத்தான் விரல் நழுவத் தொடங்கும். முடியவில்லை என்று தோன்றினால் அதற்குக் கீழேயே சொல்லிவிட்டு இறங்குங்கள். பயிற்றுநர் மறுநாள் உடன் ஏறி வருவார். அதை வெட்கமாக நினைக்க வேண்டியதில்லை.

8. குறுக்குமரத்தில் நிற்பதும் பாயைக் கட்டுவதும்

குறுக்குமரத்துக்கு அடியில் தொங்கும் கால்கயிற்றில் நின்றுதான் வேலை செய்ய வேண்டும். புதிதாக ஒருவர் அதில் கால் வைத்ததும் கயிறு இறுகி, ஏற்கெனவே நிற்பவரின் கால் திடீரென மேலே தூக்கப்படும். ஆகவே கால் வைக்குமுன் உரக்க அறிவித்து, மற்றவர்களின் பதில் குரல் வந்த பிறகே வையுங்கள், இறங்கும்போதும் அப்படியே. வெட்கப்பட்டு முனகினால் காற்றில் கேட்காது.

கொக்கியை மரத்தின் மேல் ஓடும் பாதுகாப்புக் கம்பியில் மாட்டி, வயிற்றை மரத்தோடு அணைத்து, கால்களைப் பின்னுக்குத் தள்ளுங்கள். உடம்பு மரத்தின் மேல் கவிழ்ந்தாற்போல் நிலைபெறும், இரு கைகளும் வேலைக்குக் கிடைக்கும். பாயை மடிப்பு மடிப்பாக மேலே இழுத்து, வயிற்றுக்கு அடியில் அழுத்திப் பிடித்து, எல்லோரும் ஒரே தாளத்தில் அடுத்த மடிப்பை இழுத்து, கடைசியில் கட்டுக்கயிற்றால் சுற்றிக் கட்ட வேண்டும். நனைந்த பாய் விறைப்பாக இருக்கும். நகக்கண் கிழிந்து இரத்தம் வருவதும் உண்டு. நகத்தை முந்தின நாளே ஒட்ட வெட்டிவிடுங்கள்.

கப்பல் பக்கவாட்டில் 10 பாகை சாய்ந்தால், 30 மீட்டர் உயரத்தில் இருப்பவர் 5 மீட்டருக்கும் மேல் நகர்ந்திருப்பார். தளத்தில் நின்று பார்த்த அலையை வைத்து மேலே உள்ள ஆட்டத்தை மதிப்பிடாதீர்கள். அடிவானத்தைப் பாருங்கள், கீழே ஓடும் நீரைப் பார்க்காதீர்கள்.

வழுக்கி வாரில் தொங்க நேர்ந்தால் உடனே குரல் கொடுங்கள், கால்களை அசைத்துக்கொண்டே இருங்கள். அசையாமல் தொங்கினால் தொடைப்பட்டையின் அழுத்தத்தால் இரத்த ஓட்டம் தடைபட்டுச் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம்.

9. ஏறக் கூடாத நேரங்கள்

இடியோசை கேட்டால் ஏறக் கூடாது. மலாக்கா நீரிணையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும், சுமத்ரா பக்கமிருந்து திடீர்ச் சூறைக்காற்று மழையோடு வரும்; மேற்கே கரிய மேக வரிசை தெரிந்தால் இறங்கும் கட்டளைக்குக் காத்திருக்கும்போதே கொக்கியைச் சரிபார்த்து ஆயத்தமாகுங்கள்.

கடல் குமட்டலுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டவர்கள் அதைப் பயிற்றுநரிடம் சொல்ல வேண்டும். பல மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கும். அதேபோல், தைப்பூசத்துக்கோ நவராத்திரிக்கோ விரதம் இருப்பவர்களும் முன்கூட்டியே சொல்லுங்கள். வெறும் வயிற்றில், தண்ணீரும் குடிக்காமல் வெயிலில் ஏறினால் கண் இருண்டு வரும். விரதத்தை மதித்து உங்களுக்குத் தள வேலையைத் தருவார்கள். சொல்லாமல் ஏறுவதால் யாருக்கும் பெருமை இல்லை.

10. இறங்கிய பிறகு

இறங்கும்போது முகம் வடங்களைப் பார்த்தே இருக்கட்டும். கடைசிச் சில படிகளில் குதிக்காதீர்கள். கால் தளத்தைத் தொட்டதும் பொறுப்பாளரிடம் பெயர் சொல்லிக் கணக்குக் கொடுங்கள். வாரை நன்னீரில் அலசி நிழலில் காய வையுங்கள், பழுது கண்டால் எழுதிக் கொடுங்கள்.

கப்பலை விட்டு இறங்குவதற்கு முந்திய மாலையே பயிற்சிக் குறிப்பேட்டில் ஏற்றங்களுக்கான கையொப்பத்தை வாங்கிவிடுங்கள். துறைமுகம் வந்த நாளில் அதிகாரிகள் சரக்கு, எரிபொருள், அடுத்த குழு என்று ஓடிக்கொண்டிருப்பார்கள். அப்போது விட்டால் அந்தக் கையொப்பத்துக்காகத் தளத்தின் வாயிலுக்கு மறுபடியும் வந்து நிற்க வேண்டியிருக்கும். கையொப்பமிட்ட பக்கங்களை அன்றே நகலெடுத்து, பிறப்புப் பத்திரம் வைத்திருக்கும் அதே கோப்பில் சேர்த்துவிடுங்கள். பல்கலைக்கழகப் புறப்பாட மதிப்பெண்ணுக்கும், பின்னர் அதிகாரிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போதும் அவற்றைக் கேட்பார்கள்.